மெதுவாகத் தட்டினார்கள்

"வீட்டுக்கார அக்காவோய்! செருப்பு வந்திருக்கு, செருப்பு!"

தெருமுனையில் பைக் திரும்பும்போதே கூரியர்காரர் ஆரம்பித்துவிடுவார். வெண்கலத் தொண்டை.

"மாடி வீட்டம்மா! உங்களுக்கு ஹேர் டை!"

மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவளுக்கு மானமே போயிற்று. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விடுவிடுவென்று கீழே இறங்கினாள்.

"ஏங்க, கதவைத் தட்டத் தெரியாதா உங்களுக்கு? ஊருக்கே தண்டோரா போடணுமா?"

"இந்த வீட்டுக்கு இப்படித்தாம்மா," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் அந்த மனுஷர்.

கூடத்தில் வீட்டுக்கார அக்கா நெஞ்சில் கை வைத்தபடி நின்றிருந்தாள். விரல்கள் நடுங்கின. சுவரில், எல்லைச் சண்டையில் செத்துப்போன அவளுடைய மூத்த மகன் பட்டாள உடுப்போடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாருங்கக்கா, எப்படி நடுங்குறீங்க! புள்ளையைப் பறிகொடுத்த வீடாச்சேன்னு ஒரு இங்கிதம் வேண்டாம்?"

"பைக் சத்தம் கேட்டா இப்படித்தாம்மா வரும். இப்ப சரியாயிடுச்சு."

இவள் எங்கே அதைக் காதில் வாங்கினாள்? அன்றைக்கே கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டு, ஒரு பிடி பிடித்தாள்.

அடுத்த வாரம் ஒரு பைக் வந்து வாசலில் நின்றது. கத்தல் இல்லை.

டொக், டொக்.

அப்பாடா, இதல்லவோ மரியாதை என்று படியிறங்கி வந்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கையிலிருந்த ஈரத்துணி பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"திறக்காதேம்மா!"

"ஏங்க்கா, என்னாச்சு?"

"ஜன்னல் வழியாப் பாரு. எத்தனை பேர்? ரெண்டு பேரா?"

மறுபடியும் டொக், டொக். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

"மூத்தவன் செத்த சேதியைச் சொல்லப் பட்டாளத்து ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க. தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு. மெதுவாத்தான் தட்டினாங்க, ரொம்ப மரியாதையா. நான் சிரிச்சுக்கிட்டே போய்த் திறந்தேன்மா... இப்ப சின்னவனும் பட்டாளத்துல அதே எல்லையிலதான் இருக்கான்."

இவள் மீதிப் படிகளை இறங்கி வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் கூரியர்காரர் தெருமுனையிலேயே கத்திடுவார். யாருக்கு, என்ன சாமான், எல்லாம் சொல்லிடுவார். அவர் குரல் கேட்டாத்தான் எனக்கு மூச்சே திரும்பும். இன்னிக்கு அவர் குரலைக் காணோமே!"

தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது இவளுக்கு. ஜன்னலுக்குப் போனாள். ஒருவேளை நிஜமாகவே அவர்களாக இருந்துவிட்டால்?

திரையை விலக்கினாள். முதலில் தெரிந்தது ஒரு தொப்பி. கடவுளே! அப்புறம்தான் கையிலிருந்த அட்டைப்பெட்டி தெரிந்தது.

கதவைத் திறந்தாள்.

"வணக்கம் மேடம்," என்றார் புது ஆள், பணிவாக. "பழைய ஆளை வேற ஏரியாவுக்கு மாத்திட்டாங்க. யாரோ கம்ப்ளைண்ட் பண்ணிட்டாங்களாம்."

பெட்டியை வாங்கினாள். மேலே எழுதியிருந்ததைப் படித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் இன்றைக்கும் திறந்துதான் இருந்தது.

தொண்டை கிழியக் கத்தினாள்:

"அக்காவோய்! ஒருத்தர்தான்! ஹேர் டை வந்திருக்கு, என் ஹேர் டை!"