ஆறு பொட்டலம் குறைகிறது

அன்று கேப் பிரெட்டன் தீவின் கோர்ட்டில் இருந்தவர்கள் பத்துப் பேர். நீதிபதி, குமாஸ்தா, அரசு வக்கீல், வேட்டைக் காவலர் கில்பிரைட், மூஸ் மானைச் சுட்ட மிக்மாக் பழங்குடிக்காரர் ஆம்ப்ரோஸ் டென்னி, பின் பெஞ்சில் அவர் ஊர் முதியவர்கள் ஐந்து பேர். ஆறாவது முதியவர் ஜெரோம் படுத்த படுக்கை. வரவில்லை.

“வேட்டை சீசன் இல்லாத நாளில் சுட்டது குற்றம்” என்றார் வக்கீல்.

ஆம்ப்ரோஸ் எழுந்தார். கையில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தின் நகல்.

“நாங்க எப்பவும்போல வேட்டையாடலாம்னு உங்க ராஜா பேருல எழுதிக் குடுத்திருக்காங்க. படிக்கட்டுங்களா?”

“இருங்க. முதல்ல கறி” என்றார் நீதிபதி.

கில்பிரைட் எழுதிய பறிமுதல் ரசீதில் நாற்பத்தாறு பொட்டலம். அரசாங்கக் குளிர்பெட்டியில் நாற்பது.

“மிச்சம் ஆறு எங்கே?”

“எண்ணினதுல பிசகு நடந்திருக்கும், ஐயா” என்றார் கில்பிரைட்.

“உமக்கு எண்ணத் தெரியுமா?”

“சுமாராத் தெரியும்.”

சாட்சிப் பொருளை நம்ப முடியாது என்று வழக்கைத் தள்ளினார் நீதிபதி. கில்பிரைட் மேல் துறை விசாரணைக்கு உத்தரவிட்டார். கறி ஆம்ப்ரோஸிடம் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தை யாரும் படிக்கவில்லை.

வாசலில் வண்டியில் ஏற்றும்போது ஆம்ப்ரோஸ் ஒவ்வொன்றாக எண்ணினார். காணாமல் போன ஆறும் இளங்கறி. பல் போனவர்களுக்கென்று பேர் எழுதி ஒதுக்கி வைத்தது.

“பாருங்க அத்தை, திருடறதுலயும் நாக்குக்கு ருசியாப் பார்த்துத் திருடியிருக்கான். நான் ஜெயிக்கல. அவன் திருட்டுதான் ஜெயிச்சிருக்கு. இன்னிக்கே புகார் எழுதறேன்.”

“எழுதாதடா” என்றாள் ஐந்து முதியவர்களில் ஒருத்தியான மேட்லின் அத்தை.

“ஏன்?”

“தின்னது நாங்க.”

ஆம்ப்ரோஸ் அவளைப் பார்த்தார். மற்ற நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“உன்னைப் பிடிச்ச மறுநாளே கில்பிரைட் வந்தான். பொட்டலத்து மேல எங்க பேரு இருந்துச்சாம். ஆளுக்கு ஒண்ணு குடுத்தான். ஜெரோமுக்கு அவனே வேகவச்சு ஊட்டினான். உப்பு ஜாஸ்தி.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ கோர்ட்டுல உண்மையச் சொல்லித் தொலைச்சிருப்ப.”

ஆம்ப்ரோஸ் ஒப்பந்தத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த வழக்குக்கு ஆகும். பிறகு பென்சிலை எடுத்தார். நல்ல துண்டாக ஒரு பொட்டலம் பொறுக்கி, அதன்மேல் ‘கில்பிரைட்’ என்று எழுதினார்.

“அவனுக்குக் கறி குடுக்கறது குத்தமாகிடாதாடா?”

“வித்தாத்தான் அத்தை குத்தம்.”

வண்டியில் மிச்சம் முப்பத்தொன்பது.