மூலை அறை ஜன்னல்

"ஆபீஸ் பூரா ஜன்னலைத் திறந்து வெச்சிருக்காங்க ஹெர் ரூலாண்ட். நீங்க மட்டும் ஏன் சாத்தியிருக்கீங்க?"

ஹென்ரிகே சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பின்னால் கட்டடக்கலைப் பரிசுக் குழு நடுவர்கள் மூன்று பேர் நின்றார்கள். இல்லாவிட்டால் கத்தியிருப்பாள்.

ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரில் இந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் அவள் வரைந்த கட்டடம். கண்ணாடிச் சுவருக்கு வெளியே இன்னொரு கண்ணாடிச் சுவர், நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. ரைன் நதிக் காற்று என்ன ஆட்டம் போட்டாலும் வெளிச்சுவர் வாங்கிக்கொள்ளும். பதினைந்தாவது மாடியில்கூட உள்ஜன்னலைத் திறந்துபோட்டு வேலை பார்க்கலாம், ஒரு காகிதம் பறக்காது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நடுவர்கள் உள்ளே வந்து பார்க்கக் கேட்டது ஒரே ஓர் அறையைத்தான். ஒன்பதாவது மாடியில், நதி தெரிகிற இந்த மூலை அறை.

"கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்."

"முடியாது." ரூலாண்ட் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் காத்து ஒத்துக்காது."

"இப்படி வேர்த்து ஊத்துது, காத்து ஒத்துக்காதா?"

"அறுபத்து மூணு வயசு உடம்பு, அம்மணி. உங்க பிளானுக்குத் தகுந்த மாதிரி இதை மாத்திக் கட்ட முடியுமா?"

சொன்னதோடு நிற்காமல், ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றும்விட்டார்!

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டார்கள்.

 ஆரம்பத்திலிருந்தே ஆபீஸின் மூத்த ஊழியரான இந்த மனுஷன் குறுக்கே நிற்கிறார். பழைய கல் கட்டடமே போதும் என்றார். அது எடுபடவில்லை என்றதும், 'அந்த இடைவெளியையாவது மாடிக்கு மாடி தடுத்துடுங்க' என்று மல்லுக்கு நின்றார். கீழிருந்து உச்சிவரை ஒரே வீச்சாக இருந்தால்தான் அழகு என்று அவளும் பிடித்த பிடியை விடவில்லை. போன குளிர்காலத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவள், இன்றுதான் திரும்ப வருகிறாள்.

"பழி வாங்கிட்டீங்க இல்ல?" என்றாள் ஹென்ரிகே. "பத்து வருஷ உழைப்பு. பரிசு எனக்குக் கிடைச்சுடக் கூடாது, அதானே?"

 ரூலாண்ட் அறைக்கு வெளியே எட்டி, லிஃப்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்தார். பிறகு ஜன்னலை அகலத் திறந்தார்.

"அச்சூ!"

ஹென்ரிகே திடுக்கிட்டாள். அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே தும்மவில்லை.

"ஆரோக்கியம்!" என்றது மேலிருந்து ஒரு குரல்.

"ஆரோக்கியம்!" என்றது அதற்கும் மேலிருந்து இன்னொன்று.

"நன்றி எட்கார்! நன்றி உர்சுலா!" என்றது கீழிருந்து.

"ஏழாம் மாடி உல்ரிக்," என்றார் ரூலாண்ட். "ஜூன்ல புல் பூத்தா நாள் பூரா தும்முவான். எட்காரும் உர்சுலாவும் மேல உக்காந்துக்கிட்டே 'ஆரோக்கியமா இரு'ன்னு வாழ்த்துவாங்க. காதுல விழுந்துட்டு சும்மா இருந்தா மரியாதை இல்லையாமே!"

ஹென்ரிகே அந்த நீண்ட இடைவெளியைப் பார்த்தாள். கீழிருந்து உச்சிவரை, ஒரே வீச்சு; ஒரு மாடிச் சத்தம் எல்லா மாடிக்கும். அவள் முகம் சிவந்துபோனது.

"நீங்க சொன்னது சரிதான்..." என்றாள் மெதுவாக. "தடுத்திருக்கணும்."

அடுத்த தும்மல் வந்தது. ரூலாண்டே தலையை வெளியே நீட்டி, "ஆரோக்கியம்டா!" என்று கத்திவிட்டுத் திரும்பினார்.

"நடுவருங்க நிக்கும்போதே திறந்திருக்கலாமே? நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க!" என்றாள் ஹென்ரிகே.

"தடுப்பு கேட்டு நாளைக்கும் உங்ககூட சண்டை போடுவேன், அம்மணி. அதுக்காக, வெளியாள் முன்னாடி நம்ம கட்டடத்தை விட்டுக் குடுப்பேனா?"