அடிவரிசை

பதினைந்து வருடமாகப் பொம்மைக் கட்டைகளில் மாதிரிகள் கட்டிப் பரிசுகள் வாங்கியவள் அமுதவல்லி. அவள் தங்கை நிரஞ்சனா அன்று காலைதான் அதே கட்டைகளைத் திரையில் அடுக்கும் மென்பொருளைக் கணினியில் இறக்கினாள். மதியத்துக்குள் திரையில் நீலக் கடல் நடுவே ஒரு கலங்கரை விளக்கம் எழுந்துவிட்டது.

“கட்டை தீரவே மாட்டேங்குதுக்கா. எந்தக் கலர் கேட்டாலும் வருது.”

“கையில கட்டிப் பாரு, நிக்காது” என்றாள் அமுதவல்லி.

தங்கை சாப்பிடப் போனதும் அவள் மவுஸைப் பிடித்து, கலங்கரை விளக்கத்தின் அடிவரிசைக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அது சரியவில்லை. கடலுக்கு மேலே அந்தரத்தில் அப்படியே நின்றது. அவளுக்கு அழித்ததைத் திரும்ப வைக்கவும் தெரியவில்லை.

கை கழுவிவிட்டு வந்த நிரஞ்சனா திரையை வெகுநேரம் பார்த்தாள்.

“இப்படி அந்தரத்துல நிக்க வைக்கலாம்னு எனக்குத் தோணாமப் போச்சேக்கா” என்றாள்.

அமுதவல்லி மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.