வெல்டா நிறுத்திய டோனட்

“தலைவரே, இந்தப் பொம்பள எங்க கம்பெனியப் புறக்கணிக்கிறா. சட்டம் என்ன சொல்லுதுன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க” என்றார் கார்லண்ட்.

கூட்டம் நிறைந்த கூடத்தில், கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் தலைவர் லைல் படித்தார். வியாபாரக் காரணம் ஏதுமில்லாமல் எண்ணெய்க் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தும் நிறுவனத்துக்கு அரசு ஒப்பந்தம் கிடையாது. எண்ணெயால் பிழைக்கும் மேற்கு டெக்சஸ் ஊரில் அதை யார் மறுத்துப் பேசுவார்கள்?

கார்லண்ட் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனி முதலாளி. வெல்டா பேக்கரிக்காரி. கவுண்டி முதியோருக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஒப்பந்தம் அவளுடையது. இன்று அதைப் புதுப்பிக்க வேண்டும். அது போய்விட்டால் கடையில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

லைலுக்கு அதை ரத்து செய்ய மனசே இல்லை. எவ்வளவு நேர்மையான பெண்! ஒப்பந்தப் பேச்சு தொடங்கியதும், சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்கு வரும் சர்க்கரை தூவிய டோனட் பெட்டியைக்கூட நிறுத்திவிட்டாள். லஞ்சம் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று அவராகவே புரிந்துகொண்டு, ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வெல்டா, கார்லண்ட் ஆபீசுக்குத் தினமும் போன டோனட்ட நிறுத்தினது உண்மையாம்மா?”

“உண்மைதான்.”

“வியாபாரத்துல நஷ்டமா?”

“நிறுத்தினதாலதான் நஷ்டம்.”

“பின்ன ஏன்?”

“சொல்ல மாட்டேன், லைல்.”

“பாத்தீங்களா, எண்ணெய்க்காரன்னா அவ்வளவு இளப்பம்” என்றார் கார்லண்ட்.

இனி என்ன செய்வது? ஒப்பந்தம் ரத்து என்று சொல்ல லைல் வாயெடுத்தார். பின்வரிசையில் கார்லண்டின் மனைவி நோரீன் எழுந்தாள்.

“நான்தான் நிறுத்தச் சொன்னேன். இந்த மனுஷனுக்குச் சர்க்கரை ஏறிக் கெடக்கு. டாக்டர் சொல்லியும் கேக்கல, நான் அழுதும் கேக்கல. ஆபீஸ் பசங்களுக்குன்னு வாங்குற பெட்டியில பாதிய இவரே முடிச்சிடுறாரு. டோனட் விக்கிற பெட்ரோல் பங்க்லயும் குடுக்காதீங்கன்னு சொல்லிப் பாத்தேன். இவர் சத்தம் போட்டதும் குடுத்துட்டாங்க. வெல்டா ஒருத்திதான் குடுக்கல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்.”

கார்லண்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

“பசங்களுக்காவது அனுப்பியிருக்கலாம்ல?”

“அவங்க வேலைக்குப் போற வழியில என் கடைக்கு வந்து தின்னுட்டுத்தான் போறாங்க. உங்க கண்ணுல படாம வாயத் தொடச்சிக்கிட்டு” என்றாள் வெல்டா.

கூடம் சிரித்தது. கார்லண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்து, புகாரை வாபஸ் வாங்கினார். ஒப்பந்தத்தை எடுத்த லைல்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“ஏன்டா கார்லண்ட், இந்த வயசுல உன்னக் காவல் காக்க ரெண்டு பொம்பளைங்க வேண்டியிருக்கா?”

சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டவரின் பேனா பாதியில் நின்றது. சனிக்கிழமைப் பெட்டி!

முன்வரிசையில் இருந்த தன் மனைவி பெவர்லியைப் பார்த்தார். அவள் மும்முரமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.