ஓட்டைப் பிரிக்க ஒருத்தி

"உனக்கு நெசமாவே வெக்கமா இல்லியா சங்கீதா?"

மாமியார் மாராயி சத்தம் போட்டாள். மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்த சங்கீதா நிமிரவில்லை.

"எதுக்குங்க அத்தை வெக்கப்படணும்? எலக்சன்ல நிக்கிறதுக்கா?"

"மூத்தவ நிக்கிற வார்டுலயே அவளை எதிர்த்து நிக்கிறதுக்கு! அந்தப் பூபதி ஊடு தேடி வந்து கூப்பிட்டா, ஒடனே தலையை ஆட்டிருவியா?"

மலைமேல் ஆலத்தூர் நாட்டின் அந்தச் சின்ன ஊரில் பூபதிதான் எப்போதும் வார்டு உறுப்பினர். இந்த முறை வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் மனைவி ராதிகாவை நிறுத்தியிருந்தார். போஸ்டரில் பூபதி ஆளுயரத்துக்குச் சிரித்தார். வேட்பாளர் ராதிகா ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தாள்.

அவர் கொண்டுவந்த குடிநீர்க் குழாய் அவருடைய தெருவோடு நின்றுபோனது. மற்ற பெண்கள் இன்னமும் குடத்தோடு ஊற்றுக்கு இறங்கி ஏறுகிறார்கள்.

"எல்லாத் தெருவுக்கும் குழாய் வரணும்" என்று எதிர்த்து நின்றவள் மாராயியின் மூத்த மருமகள் அம்சவேணி. பெண்கள் பலரும் அவள் பக்கம் சாய, பூபதிக்குத் தூக்கம் போனது. நேராக இளைய மருமகள் சங்கீதாவிடம் வந்தார்.

"நீயும் நில்லு கண்ணு. டெபாசிட்டை நான் கட்டறேன், ஜீப்பும் தாரேன். நீ ஜெயிக்கோணும்னு இல்ல. உங்கக்கா ஓட்டைக் கொஞ்சம் பிரிச்சாப் போதும்."

சங்கீதா ஒரு நிமிடம் யோசித்தாள்.

"சரிங்க."

அதைத்தான் மாராயியால் தாங்க முடியவில்லை.

அவளுடைய மகன்கள் மணிவண்ணனும் யுவராஜும் வேறு வேறு கட்சி. சட்டசபைத் தேர்தல் வந்தால் ஒரே கூரையில் இரண்டு கொடி பறக்கும். சாப்பிடும்போது தலைவர்களைத் திட்டிக்கொண்டே ஒருவர் தட்டில் ஒருவர் குழம்பு ஊற்றிக்கொள்வார்கள். அப்போதெல்லாம் பிரியாத குடும்பம் இது.

அம்சவேணி உள்ளேயிருந்து வந்தாள்.

"ஏன் சங்கீதா, உனக்குத் தண்ணிக் குழாய் வேண்டாமா?"

"வேணுங்க்கா."

"அப்புறம் எதுக்கு அந்தாளு பேச்சக் கேட்டு நிக்கிற?"

"ஏனுங்க்கா, நீங்க நிக்கலாம், நான் நிக்கக் கூடாதா?"

அம்சவேணி விருட்டென்று உள்ளே போனாள். மறுநாள் அந்த வீட்டில் அடுப்பு இரண்டானது.

"நீயாச்சும் உம் பொண்டாட்டிக்குப் புத்தி சொல்லுடா" என்று இளைய மகனிடம் முறையிட்டாள் மாராயி.

"அவ இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு யுவராஜ் காட்டுக்குப் போய்விட்டான்.

அம்சவேணி நடந்தே ஓட்டுக் கேட்டாள். மலையில் வீடுகள் பக்கத்தில் பக்கத்திலா இருக்கின்றன? ஒன்று இந்த மேட்டில், இன்னொன்று மரவள்ளிக் காட்டைத் தாண்டி அந்தச் சரிவில். பாதி வீடு போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சங்கீதாவுக்குக் கவலையில்லை. ஜீப் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நிறுத்தி, "பொம்பளைங்க பேசிக்கிறோம், நீங்க இருங்கண்ணா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

ஒரு நாள், ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்த அம்சவேணியைப் புழுதி பறக்கக் கடந்தது அந்த ஜீப். சங்கீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது மனுசியாக்கா?" என்றாள் கூட வந்த தேன்மொழி. அம்சவேணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தூசி" என்றாள்.

டிரைவர் பூபதியிடம் தினமும் வந்து சொன்னான்.

"ஒரு ஊட்டைக்கூட விடறதில்லீங்க. வெளிய வரைக்கும் வந்து, கையைப் புடிச்சுச் சிரிச்சு அனுப்பி வெக்கிறாங்க."

"நாம நெனச்சதுக்கு மேலயே பிரிச்சிருவாளாட்ட இருக்குது!" என்று பூபதி தொடையில் தட்டிக்கொண்டார்.

ஓட்டு எண்ணிக்கை செம்மேட்டில், ஒன்றிய அலுவலகத்தில். மாராயி சாமியைக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள். தேர்தல் அலுவலர் மைக்கில் வாசித்தார்.

"அம்சவேணி, நூற்று நாற்பத்தொன்று. ராதிகா, நூற்றுப் பன்னிரண்டு. சங்கீதா..."

தாளைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சங்கீதா, பூஜ்யம்."

விசிலும் கைதட்டலுமாகக் கூட்டம் அம்சவேணியைச் சூழ்ந்தது. தேன்மொழி மாலையைப் போட்டாள். மாராயி மூத்த மருமகளின் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"ஊட்டுக்காரன்கூடப் போடலியாட்ட இருக்குது!" யாரோ சங்கீதாவைப் பார்த்துச் சொல்ல, சிரிப்பு வெடித்தது.

"அட, அவளே அவளுக்குப் போட்டுக்கலியே!"

அம்சவேணி மட்டும் சிரிக்கவில்லை. மாலையோடு அப்படியே நின்று சங்கீதாவைப் பார்த்தாள்.

பூபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா, என் ஜீப்புல ஏறி ஊடு ஊடாப் போனியே! ஒருத்தர்கூடவா உனக்குப் போடல? உள்ள போயி என்னத்தத்தான் கேட்ட?"

"நான் மாட்டேன்னிருந்தா நீங்க வேற ஒருத்தியை நிறுத்தியிருப்பீங்க. அவ நெசமாவே பிரிச்சிருப்பா. அக்காகிட்டச் சொல்லியிருந்தா, அவங்க மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்."

"என்னம்மா சொல்ற?"

சங்கீதா பணிவாகக் கைகூப்பினாள்.

"நடந்தே போயி அக்காவால எல்லா ஊட்டுக்கும் எட்ட முடியலீங்க. அதான், மிச்ச ஊட்டுக்கெல்லாம் உங்க ஜீப்புல போயி நான் அக்காவுக்கு ஓட்டுக் கேட்டேனுங்க!"