தோசைக்கல்லில் அழைப்பு மணி

தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் மாவு இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு இருந்தது.

ராகவன் அடுப்பை இன்னும் கொஞ்சம் குறைத்தான்.

போர்டை அவனேதான் செய்தான். செம்புத் தகட்டின் மேல் கோடுகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பதித்து, மருந்துத் தண்ணீரில் அரித்தெடுத்து, சிப்பின் கால்கள் உட்கார வேண்டிய இடத்திலெல்லாம் ஊசியால் ஈயப் பசை வைத்து, மேலே அந்தச் சிப்பை உட்கார்த்தியிருந்தான்.

பசை உருகிப் பிடிக்கிற அளவுக்குச் சூடு வேண்டும். கொஞ்சம் கூடினாலும் சிப்புக்குள் பதிந்திருப்பது அழிந்துவிடும். பழைய அழைப்பு மணியின் போர்டிலிருந்து பிரித்தபோதே அது ஒரு தடவை சூடு தாங்கிவிட்டது. இன்னொரு தடவை தாங்குமா என்று தெரியவில்லை.

"கல்லு வீணாப் போயிடும், வசந்தா. ஈயம் பட்டா அப்புறம் இதுல தோசை வார்க்க முடியாது" என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

"யாரு கேட்டா தோசை" என்றாள் அவன் மனைவி.

ஊரப்பாக்கத்தில் இந்த மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்ததிலிருந்து அவள் பேசியதில் அதுவே நீளமான பேச்சு.

செங்கல்பட்டில் ரேடியோக் கடை வைத்திருக்கும் சாலமோனிடம்தான் முதலில் கொண்டுபோனான். சாலமோன் உப்புப் பூத்துப் பச்சையேறிக் கிடந்த பழைய போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா சார், ஒரு காலிங் பெல்லுக்கா இந்தப் பாடு? தூக்கிக் கடாசிட்டு புச்சா ஒண்ணு வாங்கி மாட்டு சார். குருவி கத்துற மாதிரிகூட வந்துகினு கீது."

ராகவன் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

இப்போது வசந்தா அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். இருவரும் கல்லையே பார்த்தார்கள்.

சாம்பல் நிறப் பசை வியர்த்தது. புகை மெல்லிசாகக் கிளம்பியது. ஒரு ஓரத்தில் பளிச்சென்று வெள்ளி ஓடியது. அடுத்த காலுக்கு, அதற்கடுத்ததற்கு என்று ஓடி, சிப் தானாகவே லேசாக நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

ராகவன் அடுப்பை அணைத்தான். கல்லைத் தொடவில்லை. ஆடினால் போச்சு.

போர்டு ஆறுகிறவரை வசந்தா நகரவில்லை. பிறகு அவன் அதை வாசல் கதவுக்கு மேலே மாட்டினான். ஸ்பீக்கர் வயரை முறுக்கினான். பேட்டரியைப் போட்டான். வெளியே சுவரிலிருந்த பொத்தானைச் சோதித்துப் பார்க்கக் கதவைத் திறந்தான்.

"நீங்க அழுத்தாதீங்க" என்றாள் வசந்தா. "நான் அழுத்துறேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஆணியில் தொங்கிய தோல்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

"தாழ்ப்பாள் போட்டுக்கோங்க" என்றாள்.

போட்டான்.

அப்புறம் கதவுக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

"யாரு? அம்மாவா? இரு, வரேன்!"

பத்து வயதுக் குரல். கடைசியில் அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு.

முன்பு இருந்த கல்பாக்கம் வீட்டில் மணிக்குக் குருவிச் சத்தம் வேண்டாம், நான்தான் பேசுவேன் என்று மகள் சுஷ்மிதா அடம்பிடித்துப் பேசிய குரல். வசந்தா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு அந்தத் தோல்பையோடு வந்து பொத்தானை அழுத்தினால், ஒரு சுஷ்மிதா மேலிருந்து பதில் சொல்வாள். இன்னொரு சுஷ்மிதா ஓடிவந்து கதவைத் திறப்பாள்.

டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை ராகவன் ஷிஃப்டில் இருந்தான். குழந்தை தூங்கட்டும் என்று வசந்தா திருக்கழுக்குன்றம் சந்தைக்குத் தனியாகப் போனாள். அவள் திரும்பி வந்தபோது தெருவில் கடல் வடிந்துகொண்டிருந்தது. கதவு இல்லை. நிலைப்படிக்கு மேலே இந்த மணி மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ராகவன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

திறந்தால் கதவுக்கு இந்தப் பக்கம் தான் மட்டும்தான் நிற்போம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வசந்தா மறுபடி மணியை அழுத்தவில்லை. கதவைத் தட்டவுமில்லை.

"மெதுவா வாடி கண்ணு" என்றாள் வெளியிலிருந்து. "அவசரமில்ல. அம்மா நிக்கிறேன்."

அவன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.