அக்காவின் கட்டைவிரல்

சரிவான முதுகுள்ள அலுமினியத் துண்டு ஒன்று மெஷினில் உட்கார்ந்திருந்தது. அதன் விளிம்பு கத்திபோல் இருந்ததால், கூர் போகும்படி அதைச் சாய்வாகச் சீவ, அதாவது சாம்ஃபர் போட, கட்டர் வந்தது. வேலை முடிந்ததும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா வழக்கம்போல் விளிம்பு நெடுகக் கட்டைவிரலை ஓட்டினாள். மேல்முனையில் பள்ளம் தட்டியது. கீழ்முனை விரலைக் கிழித்துவிட்டது.

“ஐயோ, அக்காவோட ரத்தம்!” என்று துண்டு பதறியது. “மேலே அவ்வளவு கடிச்சே, கீழே ஏன் தொடவே இல்லை?”

“கம்ப்யூட்டர் ஒரே மட்டத்துல நேரா போகச் சொல்லிச்சு. கீழே காத்தைத்தான் வெட்டினேன்” என்றது கட்டர்.

மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரின் குரல் இறங்கியது. “உன்னை மேலேயிருந்து மட்டும்தான் பார்த்தேன். அங்கேயிருந்து நீ சமதரையாத்தான் தெரிஞ்சே. எங்கே எவ்வளவு சரியறே, நீயே சொல்லு.”

துண்டு மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை பொறுமையாகச் சொன்னது. பிறகு அது கழிவுப் பெட்டிக்குப் போனது.

அடுத்த துண்டில் கட்டர் சரிவோடு சேர்ந்தே இறங்கியது. வலது விரலில் பிளாஸ்திரி இருந்ததால் பிலோமினா இடது விரலை ஓட்டினாள்.

பெட்டிக்குள்ளிருந்து முதல் துண்டு கேட்டது: “தம்பி, கிழிச்சிட்டியா?”

“இல்லண்ணே. இன்னொரு தடவை தடவிப் பார்க்கிறாங்க.”